‘உதவுபவர்’ என்னும் சொல்லில் ஊதியம் எங்கே?

மழலையர் பள்ளிச் சுவர்களில் ஒரு வண்ணப்படம் தொங்கும். ‘கம்யூனிட்டி ஹெல்பர்ஸ்’ என்பது அதன் தலைப்பு. கீழே கட்டம் கட்டமாக டாக்டர், போலீஸ்மேன், போஸ்ட்மேன், டெய்லர், கார்ப்பென்டர், ஸ்வீப்பர். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு ஊர்வாழ்வையும் ஊரார் தொழில்களையும் அறிமுகம் செய்யும் முதல் சொற்பட்டியல் அது. பார்வைக்குத் தீங்கற்ற பாடம்தான். ஆயினும் சொற்களோடு ஒரு கருத்தும் சேர்ந்தே மனத்தில் பதிகிறது: இவர்கள் அனைவரும் நமக்கு ‘உதவுகிறார்கள்’. உதவிக்கு நன்றி சொன்னால் போதும். உழைப்புக்குக் கூலி தர வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாடம் சொல்வதில்லை.

இச்சொற்பட்டியல் வளர்ந்து பெரிதாகி நடமாடுவதைப் பெங்களூரின் தெற்கு விளிம்பில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியில் காணலாம். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல் கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில், 332 ஏக்கர் பரப்பில் உருவாக்கிய தொழிற்பேட்டை அது. மென்பொருள் வளாகங்களுக்காக அறியப்பட்ட அவ்விடத்தில் கூட்டுவோர், காப்போர், சமைப்போர், வண்டி ஓட்டுவோர் எனப் பெருந்திரளானோர் உழைக்கின்றனர். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம், ஒடியா என வீட்டுமொழிகள் பல. தொழிலின் பெயர் மட்டும் அனைவருக்கும் ஒன்று: செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டெலிவரி, ஹெல்பர்.

இப்பெயர்களின் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஹெல்பர் ஆளைக் குறிக்கும் சொல். மற்ற மூன்றும் செயலின் பெயர்கள். ‘செக்யூரிட்டி வந்துவிட்டார்’, ‘ஹவுஸ்கீப்பிங்கைக் கூப்பிடுங்கள்’ என்னும்போது செயலின் பெயர் செய்பவருக்கு ஆகி வருகிறது. தமிழ் இலக்கணம் அறிந்தவர்களுக்கு இது ஆகுபெயரை நினைவூட்டும். இதற்கு மாறாக, ‘காப்பவர்’, ‘கூட்டியவர்’ என வினையாலணையும் பெயராகச் சொன்னால், வினையும் காலமும் செய்தவரும் ஒரே சொல்லுக்குள் நிற்பர். ‘ஹவுஸ்கீப்பிங்’ என்பதில் ஆள் மறைந்து சேவை மட்டுமே எஞ்சுகிறது. ஒப்பந்ததாரர் இன்று ஒருவரையும் நாளை வேறொருவரையும் அனுப்பலாம், பெயர் மாறாது. யார் போனார், ஏன் போனார் என்று வளாகத்தில் எவரும் கேட்க வேண்டிய தேவையும் எழாது.

இதனால் தாய்மொழிச் சொற்களுக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என முடிவுகட்டுவது பாதி உண்மையே. தமிழின் பழைய தொழிற்பெயர்கள் பல சாதியைச் சுமந்தவை. ‘வேலைக்காரி’ என்ற சொல்லில் உள்ள ஏவல்தொனியை எந்த அகராதியாலும் நீக்க இயலாது. அன், அள், அர் என்னும் ஈறுகளில் எதைத் தேர்ந்தாலும் பேசுபவர் தரும் மதிப்பு, அல்லது மறுக்கும் மதிப்பு, வெளிப்பட்டுவிடும். ஆங்கிலக் கடன்சொல்லுக்கு இந்தச் சுமை இல்லை. தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வந்த ஒரு பெண், ‘ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறேன்’ என்று சொல்லும்போது, ஊரில் தம் குலத்தின்மேல் சுமத்தப்பட்டிருந்த பெயரிலிருந்து விலகி நிற்கிறார். அந்த விலகலை மொழித்தூய்மையின் பெயரால் பழிப்பது அறமன்று.

எனினும் மதிப்பான பெயர் வேறு, உரிமை வேறு. தமிழக அரசு 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என மாற்றியது. ஐந்தாண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், பணி தனியாருக்கு மாற்றப்படுவதை எதிர்த்து அவர்களே சென்னை ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் அமர நேர்ந்தது. கர்நாடகத்தின் ‘பௌரகார்மிக’ என்ற சொல்லுக்குள் தொழிலாளி என்ற பொருள் வெளிப்படையாகவே உள்ளது. அப்பெயர் இருந்தும் பெங்களூரின் பௌரகார்மிகர்கள் ஒப்பந்த முறைக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினர்.

சில பெயர்கள் உரிமையைத் தராததோடு அதை மறைக்கவும் செய்கின்றன. உணவு கொண்டுவருபவரைச் செயலிகள் ‘பார்ட்னர்’ என அழைக்கின்றன. பங்காளிக்கு இலாபத்தில் பங்கு உண்டு, இவருக்கு இல்லை. தொழிலாளிக்கு விடுப்பும் வைப்புநிதியும் உண்டு. இவருக்கு அவையும் இல்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021இல் ஊபர் வழக்கில், ஒப்பந்தத்தாள் என்ன பெயரிட்டிருந்தாலும் பணியின் உண்மைநிலையே அளவுகோல் எனக் கொண்டு, ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்றே தீர்மானித்தது. கர்நாடகமும் 2025இல் செயலிவழித் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நலவாரியமும், ஒவ்வொரு பணிக்கான கொடுப்பனவிலும் 1 முதல் 5 விழுக்காடு வரையிலான நலக்கட்டணமும் அதில் உண்டு. ‘பார்ட்னர்’ என்ற சொல்லோடு நின்றிருந்தால் இக்கோரிக்கையை எழுப்பவே இயன்றிராது.

ஆகவே கேள்வி ஆங்கிலமா தமிழா என்பதன்று. அடிப்படைச் சொற்பட்டியலில் எவை இடம்பெறுகின்றன, எவை விடுபடுகின்றன என்பதே கேள்வி. தொழில்களின் பெயர்களைக் கற்பிக்கும் பாடம் ஊதியம், வார விடுப்பு, மிகைநேரப் பணி, ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வைப்புநிதி ஆகியவற்றுக்கான சொற்களையும் கற்பிக்கலாம். அவை கடினமான சொற்கள் அல்ல. தொட்டதோகூரில் வாடகை வீட்டில் வாழும் குழந்தை அவற்றில் சிலவற்றை, பெற்றோர் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது ஏற்கெனவே கேட்டிருக்கும்.

பாடத்திட்டம் வகுப்போரும் மொழியியல் பயில்வோரும் இதனைத் தத்தம் துறை வளாகத்திலிருந்தே தொடங்கலாம். காலையில் வகுப்பறையைப் பெருக்கிவிட்டுச் செல்பவரின் பெயர் என்ன, அவருக்குச் சம்பளம் தருவது யார் என்று கேட்டறிவது எந்தக் களஆய்வுக்கும் குறைந்ததன்று. அதற்குப் பின் எழுதப்படும் ஆங்கிலப் பாடநூலில் ‘ஹெல்பர்ஸ்’ இருந்த இடத்தில் ‘வொர்க்கர்ஸ்’ என்ற சொல் வந்தால், அது நல்ல தொடக்கமாக இருக்கும்.