வரமும் இல்லை, வலியும் இல்லை

அரீதா ஃபிராங்க்ளினைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு சொற்களைத் தவறாமல் எடுத்துவிடுகிறார்கள்: வரம், வலி. கடவுள் கொடுத்த குரல், வாழ்க்கை கொடுத்த வலி, இரண்டும் சேர்ந்து பாட்டாகிவிட்டதாம். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இதில் அவர் செய்த வேலை எங்கே?

1967இல் வந்த ‘எ நேச்சுரல் உமன்’ பாடலை எடுத்துக்கொள்வோம். ‘இயல்பான பெண்’ என்ற அந்தத் தலைப்பே ஜெரி வெக்ஸ்லர் என்ற ஆண் தயாரிப்பாளரின் யோசனை. எழுதியவர்கள் கரோல் கிங், ஜெரி காஃபின் தம்பதி. ஒருவன் வந்த பிறகே தன்னைப் பெண்ணாக உணர்ந்ததாக ஒருத்தி சொல்கிறாள். காகிதத்தில் வாசித்தால் உறுத்துகிறது. அரீதா பாடும்போதோ அந்த ஆண் எங்கோ பின்னுக்குப் போய்விடுகிறான்.

அது அவர் தேவாலயத்தில் கற்ற தொழில். டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவருடைய அப்பா போதகர். கிளாரா வார்டு, மஹாலியா ஜாக்சன் போன்ற கறுப்பினப் பெண்கள் பாடுவதை அருகிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அரீதா. 1956இல், 14 வயதில், அதே தேவாலயத்தில்தான் அவர் பாட்டு முதலில் ஒலிப்பதிவானது. தொடக்கத்தில் குரலை அடக்கி வைத்துப் பல்லவியில் திறந்துவிடுவது, ஓர் உயிரோசையைப் பல சுரங்களுக்கு இழுப்பது, ஒருத்தி அழைக்க மற்றவர்கள் பதில் பாடுவது எல்லாம் சபையில் எழுந்து சாட்சி சொல்லும் முறை. இந்தப் பாட்டில் பதில் பாடுவது அவருடைய சகோதரிகள் எர்மாவும் கரோலினும். காதலனுக்காக எழுதிய வரிகளைப் பெண்கள் தங்களுக்குள் சொல்லி, ஆமோதித்துக்கொள்கிறார்கள். நம்மைக் கலங்கடிப்பது அதுதான்.

வரம் என்று சொன்னால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும். பாடியவருக்குத் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கரோல் கிங்குக்குக் கிடைத்தது நியாயமான கூலி. அரீதாவின் வேலைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆண் பாடகர்களுக்கும் இதே சட்டம்தானே என்பார்கள். ஆமாம். ஆனால் சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் பெண்ணுக்கு இயல்பு என்று சொல்லியே கூலி மறுக்கப்பட்ட நமக்கு, ‘இயல்பு’ என்ற சொல் என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும்.

2015இல் கென்னடி சென்டர் விழாவில், 73 வயதில், தானே பியானோ வாசித்து அரீதா இதைப் பாடினார். ஒபாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரைப் பற்றி எழுதுகிறவர்கள், பியானோவில் ஓடிய அந்தக் கைகளைப் பற்றியும் எழுதட்டும்.