பாடியவர் யார், படம் பிடித்தவர் யார்: வடசென்னைத் திரையிடல்களுக்குச் சில இசைப்படங்கள்

திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் வெளியேற்ற வழக்கில், கட்சிக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த காகிதக் கட்டுக்குள் ஒரு குறுவட்டும் இருந்தது. குடும்ப அட்டையும் வரி ரசீதுகளும் 2015 வெள்ளத்தில் போய்விட்டிருந்தன. "எங்க நைனா சாவு சிடி தம்பி, இதுல தெரு தெரியும் பாருங்க" என்றார் அந்த அம்மா. போட்டுப் பார்த்தோம். படத்தின் மூலையில் 2003 என்று தேதி ஓடிக்கொண்டிருந்தது. பந்தலில் கானா பாடுபவர் இறந்தவரின் பெயரையும், அவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலத்தையும், பிள்ளைகளின் பெயர்களையும், தெருவின் பெயரையும் வரிசையாகப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அம்மக்கள் அனைவரும் 2010க்குப் பிறகு வந்து ஆக்கிரமித்தவர்கள் என்பதே எதிர்த்தரப்பின் வாதம்.

மின்னணு ஆவணத்திற்குச் சான்றிதழ் வேண்டும். அதைத் தர வேண்டிய வீடியோக்காரர் கடையை எப்போதோ மூடிவிட்டார். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்தியது வேறொன்று. குறுவட்டின் உறையில் வீடியோ கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருந்தன. இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பாடியவரின் பெயர் எங்கும் இல்லை.

இராயபுரத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர் மாதம் ஒரு முறை திரையிடுவதற்கு நல்ல இசை ஆவணப்படங்களையும் கச்சேரிப் படங்களையும் சொல்லுமாறு கேட்டபோது, அந்த உறைதான் நினைவுக்கு வந்தது. ஆகவே இந்தப் பரிந்துரைகள் ரசனையை மட்டும் கொண்டு செய்யப்பட்டவை அல்ல.

முதலில் பார்க்க வேண்டியது ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்'. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுவதால் இடைவேளை விட்டே திரையிடுங்கள். 1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் பத்துப் பேர் இறந்தனர். சில நாட்களில், மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கிட்டுக்கொண்டார். அதே கோக்ரேதான் குடிசைகள் இடிக்கப்படுவதைப் பற்றிய பட்வர்தனின் 1985ஆம் ஆண்டுப் படமான 'பம்பாய் நமது நகரம்' படத்தில் பாடியவர். இயக்குநர் பதினான்கு ஆண்டுகள் படம்பிடித்தார். சுடச் சொன்ன காவல் அதிகாரிக்கு 2009இல் ஆயுள் தண்டனை கிடைத்ததையும், அவர் பிணையில் வெளியே வந்ததையும் அந்தக் கேமரா பொறுமையாகப் பின்தொடர்கிறது. நீதிமன்றத்தின் நேரம் எப்படி நகர்கிறது என்பதைச் சட்ட மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு படம் எனக்குத் தெரியாது.

படத்தின் பிற்பகுதியில் வரும் கபீர் கலா மஞ்ச் இளைஞர்களின் கதை படம் முடிந்த பிறகும் முடியவில்லை. 2011இல் அவர்கள்மீது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. 2013 ஏப்ரலில் ஷீதல் சாத்தேயும் சச்சின் மாலியும் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் முன் தாமாகவே வந்து நின்றனர். கருவுற்றிருந்த ஷீதலுக்கு அவ்வாண்டே பிணை கிடைத்தது. சச்சின் மாலி, சாகர் கோர்க்கே, ரமேஷ் கைச்சோர் ஆகியோர் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போய்த்தான் வெளியே வர முடிந்தது. பின்னவர் இருவரும் 2020 செப்டம்பரில் பீமா கோரேகான் வழக்கில் மீண்டும் கைதாயினர். இது மராட்டியத்துக் கதைதானே என்று ஒதுக்க வேண்டாம். மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காகத் திருச்சியில் பாடகர் கோவன்மீது 2015 அக்டோபரில் தேசத்துரோகப் பிரிவு போடப்பட்டதை நாம் பார்த்தவர்கள்தாம்.

இரண்டாவது, 'வாட்ஸ்டாக்ஸ்'. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கறுப்பின மக்கள் பகுதியான வாட்ஸில் 1965இல் வெடித்த எழுச்சியின் ஏழாம் ஆண்டு நினைவாக, 1972 ஆகஸ்ட் 20 அன்று அந்நகரின் பெரிய விளையாட்டரங்கில் ஸ்டாக்ஸ் இசை நிறுவனம் நடத்திய கச்சேரி. நுழைவுச்சீட்டு ஒரு டாலர். வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மேடையை மட்டும் காட்டும் கச்சேரிப் படமன்று இது. பாட்டுக்கு இடையே கேமரா தெருவுக்குப் போய்விடுகிறது. மக்கள் கடையில் அமர்ந்து வேலை, காதல், போலீஸ் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். காசிமேட்டு டீக்கடையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் வேகம் உடனே பிடிபடும். இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. ஐசக் ஹேஸ் மேடையில் பாடிய 'ஷாஃப்ட்' பாட்டின் உரிமையை எம்.ஜி.எம். நிறுவனம் கோரியதால், படத்தின் இறுதிக்காட்சியை நீக்கிவிட்டு அவரை வேறொரு பாட்டுக்குத் தனியே படம்பிடித்து ஒட்டினார்கள். அவர் மேடையில் பாடியது அவருடைய கச்சேரிப் படத்திற்குத் திரும்பிவர 2003 வரை ஆனது.

'சம்மர் ஆஃப் சோல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு பலரும் பார்த்துவிட்டார்கள். 1969இல் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த விழாவின் ஏறத்தாழ நாற்பது மணி நேரப் படச்சுருள்கள், வாங்க ஆளின்றி ஐம்பது ஆண்டுகள் கிடந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாகாலாந்தின் பேக் என்னும் ஊரில் வயல்வேலையின்போது பாடுபவர்களைப் பற்றிய 'அப் டவுன் அண்ட் சைட்வேஸ்' (2017) படத்தை, வலை இழுக்கையில் அம்பா பாடியதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களைப் பக்கத்தில் அமர்த்திப் பாருங்கள். பறை குறித்து சோயி ஷெரினியன் எடுத்த படங்கள் இரண்டு: 2011இல் ஒன்று, திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்களைப் பற்றி 2019இல் 'சக்தி வைப்ரேஷன்ஸ்'. இரண்டாவதே என் தேர்வு. பறையடிக்கும் பெண்களே தம் கலையைப் பற்றி அதில் பேசுகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளியை அநேகமாக எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கபேர் வாசுகி எழுதிய சொற்களை டி.எம். கிருஷ்ணா கர்நாடக இராகங்களில் பாட, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. புறம்போக்கு என்பது வருவாய்க் கணக்கில் தீர்வை விதிக்கப்படாத பொதுநிலம்: நீர்நிலை, மேய்ச்சல், பாதை, சுடுகாடு. அந்தச் சொல் எப்படி நம்மைத் திட்டும் சொல்லாக மாறியது என்ற கேள்வியை அனல்மின் நிலையச் சாம்பலின் நடுவே நின்று கேட்டது அந்தப் பாட்டு. அதே மாதம் 28ஆம் தேதி எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றில் பரவியது. இரண்டு முறையும் வாளியால் எண்ணெயை அள்ளியவர்களை நாம் பார்த்தோம். அந்தக் காணொளி தேவையான நேரத்தில் வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதில் எண்ணூர் பாடுபொருளாக இருக்கிறது, எண்ணூர் பாடவில்லை. சபா மேடையின் குரல் சேற்றுக்கு வந்தால் அது செய்தி. சேற்றிலேயே இருக்கும் குரல் எவ்வளவு பாடினாலும் யூடியூப்பில் வெறும் 'கன்டென்ட்'. திரையிட்ட பின் இதை விவாதியுங்கள். என் தோழர்கள் சிலர் இதில் என்னோடு கடுமையாக முரண்படுகிறார்கள்.

அந்தக் குரல் தன் மேடையைத் தானே அமைத்துக்கொண்ட பதிவு வேண்டுமென்றால், நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் நிகழ்ச்சிப் பதிவுகளைத் தேடுங்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் நிகழ்ச்சியில் கானாவும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. இராயபுரத்து இசைவாணி, ஆண்களே நிறைந்திருந்த கானாவுக்குள் இந்தக் குழுவின் வழியே பெயர் பெற்றவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆனால் கானாவை அதன் தெருவிலும் சாவுப்பந்தலிலும் வைத்து, அதன் பாடகர்களின் பெயர் சொல்லி, 'வாட்ஸ்டாக்ஸ்' அளவுக்கு விரித்துச் சொல்லும் முழுநீளப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெயர் என்பது சிறு விஷயமன்று. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதிப் பாடிய அறிவு இல்லாமல் போனதும், 2022 சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் அப்பாட்டு ஒலித்ததும் பெரும் விவாதமாயின. அறிவுக்காவது கேட்க ஆட்கள் இருந்தனர். பந்தலில் பாடுபவருக்கு யார் இருக்கிறார்?

சட்டம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு ஐம்பது ஆண்டு உரிமை தருகிறது. நிகழ்த்துநர் யார் என்ற விளக்கத்தில் பாடகரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்க்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தாலும், அது வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது உரிமத்தொகை கோரலாம். 38பி பிரிவின்படி, தன் நிகழ்ச்சியைத் தன்னுடையது என்று அடையாளம் காட்டும்படி கேட்கலாம். உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். வடசென்னைக் கானா அலைவரிசைகளில் எத்தனை பேர் அப்படி ஒரு தாளையாவது பார்த்திருப்பார்கள் என்று பாடகர்களிடமே கேளுங்கள். தன் கச்சேரிப் படம் வெளிவருவதையே நீதிமன்றம் சென்று தடுத்தவர் அரீதா ஃபிராங்க்ளின். 1972இல் ஒரு தேவாலயத்தில் எடுக்கப்பட்ட 'அமேசிங் கிரேஸ்' 2018இல் அவர் இறந்த பின்னரே திரைக்கு வந்தது. படம் அருமையானது. அவர் வேண்டாமென்றதையும் சேர்த்துத் திரையிடுங்கள்.

நடைமுறைக்கு ஒன்று. இயக்குநரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுத் திரையிடுங்கள். 2017இல் 'கக்கூஸ்' திரையிடல்கள் எப்படித் தடுக்கப்பட்டன என்பதை நினைவில் கொண்டு, அரங்க அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

மற்றொன்று: திரையிடலுக்கு வருபவர்களை வீட்டிலிருக்கும் பழைய சாவு, கல்யாண, காதுகுத்துக் குறுவட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பூஞ்சை பிடிக்குமுன் வன்தட்டில் ஏற்றி, பாடியவர் பெயர், தெரு, தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். எங்கள் வழக்கின் குறுவட்டு இருபத்து மூன்றாம் நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அடுத்த மாதம் நைனாவின் நினைவுநாள். பந்தலில் போட்டுக் காட்ட அதைத் திருப்பிக் கேட்கிறார் அந்த அம்மா. பாடியவர் கொருக்குப்பேட்டைப் பக்கம் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேடிப் போகிறோம்.