சர்டிபிகேட் பீரோவில் பத்திரம்... விரல்? டைப்பிங் முடித்தவர்கள் கவனத்துக்கு!

மீஞ்சூர்:-

பிளஸ்-2 பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை டைப்ரைட்டிங் கிளாசில் சேர்த்துவிடுவது மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் பழைய வழக்கம். 'லோயர், ஹையர் முடிச்சு வச்சா என்னைக்காவது சோறு போடும்' என்பது பெற்றோர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் சர்டிபிகேட்டை பீரோவில் பூட்டிவிட்டு விரலை மறந்தவர்கள்தான் கடைசியில் கோட்டை விடுகிறார்கள்.

கூட்டம் குறைந்த வரிசை

2025 ஜூலை 12-ந்தேதி நடந்த குரூப்-4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்டவை 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்களோ 13 லட்சத்துக்கும் மேல். இந்தக் கூட்டத்தில் தட்டச்சர் பதவிக்கு எல்லோரும் போட்டி போட முடியாது. 10-ம் வகுப்பு தேர்ச்சியோடு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றில் ஹையர், மற்றதில் லோயராவது வேண்டும். அதனால் இங்கே வரிசை சின்னது. பட்டப்படிப்பு இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு.

எங்கே சறுக்குகிறது?

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர் தேர்வுக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 வார்த்தை வேகம். 5 எழுத்துக்கு ஒரு வார்த்தை என்பது கணக்கு. அதாவது 10 நிமிடத்தில் 1,500 எழுத்து. ஹையருக்கு 45 வார்த்தை, 2,250 எழுத்து.

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பிளஸ்-2 தரத் தேர்வில் கிளார்க் பதவிக்கு பழைய சர்டிபிகேட்டைப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து அடிக்கச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 வார்த்தை, 10 நிமிடத்தில் 1,750 எழுத்து. ஆக, லோயர் வேகம் இங்கே பத்தாது. 250 எழுத்து குறையும். ஹையர் முடித்தவருக்கு இது ஜுஜுபி. ஆனால் நாலு வருஷம் கீபோர்டு பக்கமே போகாத ஹையருக்கு?

தப்புக்கும் அளவு உண்டு. பொதுப் பிரிவினருக்கு 7 சதவீதம் வரைதான் பிழை அனுமதி. அதைத் தாண்டினால், எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் எடுத்திருந்தாலும் அவுட். சர்டிபிகேட்டுக்கு காலாவதி கிடையாது, விரலுக்கு உண்டு.

கன்டெய்னர் நம்பர் பாடம்

அரசு வேலை மட்டுமல்ல. காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகங்களுக்கு ஓடும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 4 எழுத்து, 7 எண் கொண்ட அடையாளம் உண்டு. கடைசி எண், முந்தைய பத்தையும் வைத்து கணக்குப் போட்டு வருவது. ஒரு எண் மாறினாலும் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். இடித்தால் மறுபடி சரிபார்க்க வேண்டும். அதுவரை லாரி நிற்கும். இங்கே வேகத்தை விட பிழையில்லாமல் அடிப்பவருக்குத்தான் மரியாதை.

போன் கெடுத்த பழக்கம்

1888-லேயே அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த போட்டியில், கீபோர்டைப் பார்க்காமல் அடித்த பிராங்க் மெக்குரின் என்ற கோர்ட் ஸ்டெனோ எதிராளியைத் தோற்கடித்தார். கண் பேப்பரில், விரல் தானாக ஓட வேண்டும் என்பது அன்றே நிரூபணமானது. இன்று நிலைமை தலைகீழ். போனில் கட்டைவிரலால், பார்த்துப் பார்த்து அடிக்கிறோம். தமிழைக்கூட 'அம்மா' என்பதற்கு ஆங்கில எழுத்தைத் தட்டித்தான் கொண்டுவருகிறோம். தமிழ் ஹையர் முடித்தவருக்கே எந்த எழுத்து எங்கே என்பது மறந்துபோகிறது.

தீர்வு செலவில்லாதது. தினம் 15 நிமிடம். மாலை மலராகட்டும், பாடப்புத்தகமாகட்டும், ஒரு பக்கத்தை எடுத்து கீழே பார்க்காமல் அடிக்க வேண்டும். தப்பான எழுத்துகளைக் குறித்து, அவற்றை மட்டும் மறுபடி மெதுவாகப் பழக வேண்டும். பிழை நின்றால் வேகம் தானாக வரும்.

அடுத்த அறிவிப்பு வந்த பிறகு கீபோர்டைத் தேடினால் நாள் பத்தாது. கட்டிய பீஸ், எழுதிய பரீட்சை எல்லாம் பலன் தர வேண்டுமானால் இன்றைக்கே உட்காருவதுதான் புத்திசாலித்தனம்.