மெர்வெடெப்ளெய்ன் தோழிகள்

ஆன் ஃபிராங்க்கும் ஹன்னா கோஸ்லரும் ஜெர்மனியில் பிறந்த யூதச் சிறுமிகள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இரு குடும்பங்களும் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்து, மெர்வெடெப்ளெய்ன் என்ற சதுக்கத்தருகே வசித்தன. மாண்டிசோரி பள்ளியிலும், பின்னர் யூதப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியிலும் இருவரும் சேர்ந்தே படித்தனர். உலகம் கொண்டாடும் ஆனின் நாட்குறிப்பில் பெரிதும் தெரிவது மறைவிடத்தில் அடைபட்ட ஆன். தெருவில் ஓடியாடிய ஆனைக் காப்பாற்றித் தந்தவை ஹன்னாவின் நினைவுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனின் தந்தையுடைய அலுவலகத்துக்குப் போய் அறைக்கு அறை தொலைபேசியில் பேசி விளையாடியது, சன்னலிலிருந்து வழிப்போக்கர்கள்மீது தண்ணீர் ஊற்றியது, எல்லாம் தனக்கே தெரியும் என்பதுபோல் ஆன் பேசியது ஆகியவை அவற்றில் உண்டு. இறந்தவரைப் புனிதராக்காமல் குறும்புக்காரியாகவே நினைவில் வைத்திருந்தது அரிய நேர்மை.

1942 ஜூலையில் தராசு ஒன்றை வாங்கிவர ஹன்னா ஆனின் வீட்டுக்குப் போனபோது, குடும்பம் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் அதே நகரில்தான் ஒளிந்திருந்தனர். பின்னர் இரு குடும்பங்களும் நாஜிகளிடம் பிடிபட்டன. 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் நாஜி முகாமில், வைக்கோல் அடைத்த முள்வேலிக்கு இருபுறமும் நின்று தோழிகள் பேசினர். ஹன்னா வேலிக்கு மேலாக எறிந்த முதல் உணவுப் பொட்டலத்தை வேறொருத்தி பறித்துக்கொண்டாள். அடுத்தது ஆனின் கைக்குக் கிடைத்தது. சிறிது காலத்தில் ஆன் இறந்தாள், வயது 15. ஹன்னா உயிர்பிழைத்து, ஜெருசலேமில் செவிலியரானார். 2022இல் 93 வயதில் மறையும்வரை, பல நாடுகளில் தோழியைப் பற்றிப் பேசிவந்தார்.