வாயிலருகே வரும் வலசை



பாகலூரில் வாழும் நம் பங்குக் குடும்பமொன்று அண்மையில் நம்மைக் காண வந்தது. பிள்ளைகள் இருவரும் நன்கு பொருளீட்டுவதால், பெற்றோரை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டுள்ளனர். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து புல்லும் நீரும் தேடிப் புறப்படும் வில்டபீஸ்ட் என்னும் விலங்குகள் பத்து இலட்சத்திற்கும் மேலானவை. அவை ஜூலை முதல் அக்டோபர் வரை கென்யாவில் மாரா ஆற்றைக் கடப்பதை, சொகுசுக் கூடாரத்தில் தங்கிக் காண்பார்களாம்.

"வேறென்ன கவனிக்க வேண்டும், சுவாமி?" என்றனர்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாட்களுக்கு முன்னரே போட்டுக்கொள்ளுமாறு கூறினோம். பின்னர், "நம் பக்கத்து வலசையைக் கண்டதுண்டா?" என வினவினோம்.

ஆண்டுதோறும் ராகி முற்றும் பருவத்தில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூரை அடுத்த சானமாவு வரை வருகின்றன. அவற்றின் காப்பிற்காக அரசு 2014-இல் காவேரி வடக்குச் சரணாலயத்தையும், 2022-இல் காவேரி தெற்குச் சரணாலயத்தையும் அமைத்தது. எனினும் காட்டோரக் கழனிகளில் உழவர்கள் பரண்மீது விழித்திருந்தே பயிரைக் காக்கின்றனர்.

தந்தையார் தலைகுனிந்தார். "தளியில் என் தம்பியும் அப்படித்தான் காவலிருக்கிறான், சுவாமி. சென்ற ஆண்டு ஒரே இரவில் விளைச்சல் போயிற்று. நாங்கள் போய் விசாரிக்கவும் இல்லை" என்றார்.

பயணத்தை நாம் தடுக்கவில்லை. அங்கும் மாசாய் மக்கள் தம் கால்நடைகளுடன் அவ்விலங்குகளுக்கு நடுவே வாழ்கின்றனர்; அவர்கள் நலத்தையும் கேட்டறியுங்கள் என்றோம். விமானம் ஏறுமுன், குடும்பத்தோடு ஒருநாள் தளிக்குச் சென்று வருமாறும் சொன்னோம்.

வரும் ஞாயிறன்று செல்வதாக உறுதியளித்துள்ளனர்.