வாள் பிடித்தவன் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

"மந்திரவாதின்னா பலமாத்தான் இருப்பான். அவன் மந்திரவாதியாச்சே! இதுல என்ன சமநிலை வேண்டிக்கிடக்கு?"

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாட்டம் ஆடுகிற எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொன்னவர் பெரும்பாலும் மந்திரவாதியாக ஆடுகிறவராகவே இருப்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த வாதம் சோம்பேறித்தனமானது, வரலாற்றுக்குப் பொருந்தாதது, எங்கள் ஊர் மேசைகளில் அநியாயமானதும்கூட. இதுதான் என் கட்சி.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டங்களில் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். என் பாத்திரம் இன்னது செய்கிறது என்று நீங்கள் சொல்ல, நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஆட ஆடப் பாத்திரம் லெவல் லெவலாக ஏறும். போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று வகைகள் உண்டு. சிக்கல் முதல் இருவருக்கும் நடுவில்தான். 5ஆம் லெவலில் போர்வீரன் தன் முறை வரும்போது இரண்டு தடவை வாள் வீசலாம். மந்திரவாதி தீப்பந்து எறிந்து ஓர் அறையையே கொளுத்தலாம். 17ஆம் லெவலில் மந்திரவாதிக்கு 'விஷ்' கிடைக்கிறது. ஆசையை வாய்விட்டுச் சொன்னால் உலகமே வளைந்து கொடுக்கும். போர்வீரன் 20ஆம் லெவலுக்கு ஏறி உச்சியில் நின்றால் அவனுக்கு என்ன கிடைக்கிறது? நாலாவது வாள்வீச்சு.

இதை வெறும் எண் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடியின் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்து எப்படியும் சரிக்கட்டிவிடலாம். யார் வாயைத் திறந்தால் கதை நகர்கிறது என்பதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. மந்திரவாதி "நான் பறக்கிறேன்" என்றால் பறக்கிறான். புத்தகத்தில் எழுதியிருக்கிறது, நடத்துபவர் மறுக்க முடியாது. போர்வீரனோ, "அந்தத் தூணைப் பிடிச்சு ஏறி, மேல இருந்து அவன் முதுகுல குதிக்கலாமா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. நடத்துபவர் தாடையைச் சொறிகிறார். "கஷ்டம்தான்… சரி, பகடை போடு." ஒருவர் அறிவிக்கிறார், இன்னொருவர் மனு கொடுக்கிறார். நாலு மணி நேரம் இப்படியே போனால் மனு கொடுக்கிறவர் கைப்பேசியை எடுத்துத் தடவ ஆரம்பித்துவிடுவார்.

ஆயர் ஈத்தாமில் நாங்கள் ஆடுவது ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தமிழில் பேசி, மலாயில் கிண்டலடித்து, விதிகளை ஆங்கிலத்தில் படிப்போம். புதிதாக வருகிறவரிடம் உலகத்து மேசைகள் எல்லாம் சொல்வதையே எங்கள் மேசையும் சொல்லும்: "முதல் தடவையா? ஃபைட்டர் எடு, ஈஸி."

ஏன் ஈஸி? 2014இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் போர்வீரனுக்கு ஐந்தாறு பக்கம்தான். மந்திரங்களுக்கோ தனி அத்தியாயம்: 300க்கும் மேற்பட்ட மந்திரங்கள், ஏறத்தாழ 80 பக்கம், அத்தனையும் வழக்கறிஞர் எழுதிய பத்திரம் மாதிரியான ஆங்கிலம். 'கண்ணில் படும் எதிரி' என்று ஒரு மந்திரத்தில் இருக்கும், அடுத்ததில் வெறும் 'எதிரி' என்றிருக்கும். அந்த ஒரு சொல்லில் ஒரு சண்டையின் முடிவே மாறும். அப்படியானால் எங்கள் மேசையில் மந்திரவாதியை யார் எடுப்பார்? ஆங்கிலம் சரளமாக ஓடுகிறவர். புத்தகம் வாங்கக் காசு உள்ளவர். அஞ்சு வருஷமாக ஆடுகிறவர். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு நேராக வேலைக்குப் போன பையன் போர்வீரனை எடுப்பான். ஏற்கனவே குரல் உள்ளவருக்கே விதிப்புத்தகம் மேலும் குரல் கொடுக்கிறது. புதியவருக்கு 'சுலபம்' என்று சொல்லித் தருவது, கடைசிவரை மனு எழுதுகிற வேலை.

சிலம்பம் பழகிய ஒரு தங்கை எங்களோடு சில வாரங்கள் ஆடினாள். போர்வீரன்தான். சுற்றி நிற்கிற மூன்று பேரை ஒரே வீச்சில் எப்படி எட்டத் தள்ளலாம் என்று எழுந்து நின்று வெறுங்கையால் காட்டினாள். "அப்படியெல்லாம் முடியாதும்மா, ஒரு அடிக்கு ஒரு ஆள்தான்" என்றார் நடத்தியவர். அதே சுற்றில் மந்திரவாதியாக ஆடிய அண்ணன் ஒரு மந்திரம் போட்டு நாலு பேரைத் தூங்கவைத்தார். அது எப்படி முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தத் தங்கை வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "வேலைண்ணே" என்றாள்.

இங்கேதான் 'யதார்த்தம்' என்கிற வாதம் வரும். மனிதனால் இவ்வளவுதான் குதிக்க முடியும், இவ்வளவுதான் தூக்க முடியும் என்பார்கள். சரி. பறக்கும் பல்லி நெருப்புத் துப்புகிறது, செத்த எலும்புக்கூடு எழுந்து நடக்கிறது, அதற்கெல்லாம் யதார்த்தம் லீவில் போய்விடும். போர்வீரன் வாளை எடுத்த உடனே யதார்த்தம் டியூட்டிக்கு வந்துவிடும். இந்த யதார்த்தம் யாருடையது?

எங்களுடையது இல்லை. மலேசியத் தோட்டத்துக் கோவில்களைப் பாருங்கள். முனீஸ்வரர், மதுரை வீரன் என்று அரிவாளோடும் வாளோடும் நிற்கிற காவல் தெய்வங்கள். மந்திரவாதிக்குச் சிலை வைத்து நான் பார்த்ததில்லை. மதுரை வீரனால் எத்தனை அடி உயரம் தாண்ட முடியும் என்று எந்தப் பூசாரியும் அளந்து பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கதையிலும் இதேதான். ஹாங் துவா போர்வீரன். அவன் கையில் உள்ள தாமிங் சாரி கிரிஸ், வைத்திருப்பவன் உடம்பில் காயம் படவிடாது. மாயம் போர்வீரனின் இடுப்பிலேயே இருக்கிறது. வாள் ஒரு பக்கம், மந்திரம் மறுபக்கம் என்று இந்தக் கதைகள் சுவர் எழுப்பவில்லை.

மகாபாரதத்துக்கு வாருங்கள். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் கர்ணனிடம் இருக்கிறது. ஒரே ஒரு முறைதான் எறியலாம். அதற்கு அவன் கொடுத்த விலை, கூடவே பிறந்த கவச குண்டலம். அர்ச்சுனனுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை, இரவில் மாயப்போர் செய்து கௌரவப் படையைச் சிதறடித்த கடோத்கசன் மீது எறியவேண்டி வருகிறது. கடோத்கசன் விழுகிறான், அர்ச்சுனன் பிழைக்கிறான். பரசுராமர் சாபம் வேறு: தேவைப்படும் நேரத்தில் மந்திரம் மறந்துபோகும். கம்பனின் நிகும்பலை வேள்விப் படலத்தில் இந்திரஜித்தின் யாகம் முடிந்தால் அவனை வெல்ல முடியாது. அதனால்தான் யாகம் முடிவதற்குள் இலக்குவன் படையோடு போய்க் கலைக்கிறான். மந்திரம் மகா பலமானதுதான், யார் இல்லையென்றது? ஆனால் அதற்கு விலை உண்டு, எண்ணிக்கை உண்டு, கலைத்துவிடக்கூடிய ஒரு நேரம் உண்டு. அந்த மந்திரத்தைப் பழகியவர்களும் வில்லாளிகள்தான். மந்திரவாதி பலமாகத்தான் இருப்பான் என்று சொல்கிறவர் இந்தக் கதைகளில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

அந்த ஆட்டத்தின் சொந்த வரலாறும் அவருக்குத் துணை வராது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. அதற்கு முன்னால் 1971இல் வந்த 'செயின்மெயில்' என்ற பொம்மைப்படைப் போர் விதிகளில், மந்திரவாதியின் தீப்பந்து விழும் பரப்பு கல்லெறி பொறியின் பரப்புக்குச் சமம். அதாவது மந்திரவாதி ஒரு பீரங்கி. பீரங்கியைக் காக்கக் காலாட்படை வேண்டும். ஆரம்பகால விதிகளிலும் அந்தக் கணக்கு தெரிகிறது. 2ஆம் லெவலுக்குப் போர்வீரனுக்கு 2,000 புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். அடுத்து வந்த பழைய பதிப்புகளில் மந்திரம் சொல்லும்போது அடி விழுந்தால் மந்திரம் வீண். போர்வீரன் 9ஆம் லெவலை எட்டினால் கோட்டை கட்டலாம், அவனைத் தேடிப் படை வரும்.

2000இல் வந்த 3ஆம் பதிப்பில் எல்லோருக்கும் ஒரே புள்ளிக் கணக்கு. போர்வீரனின் கோட்டையும் படையும் போயின. அடி விழுந்தாலும் பகடை போட்டு மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மந்திரவாதியின் கடன்களைத் தள்ளுபடி செய்தார்கள், போர்வீரனின் சொத்தை ஜப்தி செய்தார்கள். அதற்குப் பிறகு "ஆதியிலிருந்தே இப்படித்தான்" என்று சொன்னால் எப்படி?

"2008இல் 4ஆம் பதிப்பு சமநிலை கொண்டுவந்ததே, பலருக்கும் பிடிக்காமல் போனதே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பதிப்பு எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே சட்டையைத் தைத்தது: எப்போதும் செய்யக்கூடியவை, ஒரு சண்டைக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஒருமுறை. வாள்வீச்சும் மந்திரமும் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்று பலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் கர்ணனும் கடோத்கசனும் ஒரே மாதிரி சண்டை போடவில்லை, இருவராலும் போரின் போக்கு மாறியது. நான் கேட்பதும் அதைத்தான். ஒரே தையல் தோற்றதைக் காட்டிச் சமநிலையே வேண்டாம் என்பது, சோறு குழைந்துபோனதால் இனி பட்டினி கிடப்போம் என்பது போல. 2024 திருத்தப் பதிப்பில் ஆயுதங்களுக்குத் தனித்தனித் திறமைகள் வந்திருக்கின்றன. எதிரியைத் தள்ளலாம், கீழே சாய்க்கலாம், அதுவும் அனுமதி கேட்காமல். நல்ல தொடக்கம். ஆனால் அது சண்டைக்குள் மட்டும்தான். சண்டை முடிந்தால் மந்திரவாதி மறுபடி கதையை ஓட்டுவார், போர்வீரன் மறுபடி மனுவோடு நிற்பான்.

அடுத்த பதிப்பு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நம் மேசையில் நாமே செய்யலாம். பெரிய மந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வையுங்கள்: கர்ணன் கொடுத்தது மாதிரி திரும்ப வராத ஒன்று. ஒவ்வோர் ஆட்டத்திலும் போர்வீரனுக்கு மூன்று தடவை "நான் செய்கிறேன்" என்று அறிவிக்கும் உரிமை கொடுங்கள். பகடை கிடையாது, கேள்வி கிடையாது. தூணில் ஏறுகிறேன் என்றால் ஏறிவிட்டாள். மூன்று பேரை எட்டத் தள்ளுகிறேன் என்றால் தள்ளிவிட்டாள். ஊர்க்காரர்கள் அவளை நம்பிக் கதவைத் திறக்கிறார்கள் என்றால் திறந்துவிட்டார்கள். கடைசியாக, மேசையில் புழங்குகிற மந்திரங்களையாவது ஆளுக்கு நாலாகப் பிரித்துத் தமிழில் எழுதி அச்செடுத்து வையுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவர் போர்வீரனை எடுத்தால், அது அவருக்குப் பிடித்ததால் எடுத்ததாக இருக்கட்டும்.

தமிழில் சொந்தமாகக் கதையாட்டம் எழுதும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. சோழர் காலம், கடாரம், சித்தர் என்று குறிப்பேடுகள் நிரம்புகின்றன. பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதே விதிகளைக் கீழே வைத்தால், ராஜேந்திரனின் படைவீரனும் தூணில் ஏற யாரிடமோ அனுமதி கேட்டுக்கொண்டுதான் நிற்பான்.