வலி நின்றதும் மருந்தை நிறுத்தலாமா?

நீரிழிவு உள்ள முதியவர் ஒருவருக்குக் காது வலிக்கிறது. பகலில் பொறுத்துக்கொள்கிறார், இரவில் உறக்கம் வருவதில்லை. வீட்டார் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகின்றனர். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் விடுகின்றனர். சில வாரங்கள் கழித்து, சீழ் வடிந்த பின்னரே எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருகின்றனர். இத்தகையோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

புறச்செவியில் தோன்றும் சாதாரணத் தொற்று பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே ஆறிவிடும். ஆனால் நீரிழிவு நோயாளிகள், முதியோர், எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோரிடம் அது செவிக்குழாயைக் கடந்து மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்புக்குப் பரவக்கூடும். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும், சிலரிடம் பூஞ்சையும் இதற்குக் காரணம். முகநரம்பு பாதிக்கப்பட்டால் வாய் ஒருபுறம் கோணும். கண்ணை மூட இயலாது.

1968-இல் அமெரிக்க மருத்துவர் சாண்ட்லர் இந்நோயை 'மேலிக்னன்ட்' என்ற அடைமொழியுடன் விவரித்தபோது, அவர் கண்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் உயிரிழந்தனர். அறிக்கையில் அச்சொல்லைக் கண்டு குடும்பத்தார் கலங்குகின்றனர். இது புற்றுநோய் அன்று. எனினும் செவிக்குழாயில் வரும் புற்றுநோயும் இதைப் போலவே தோன்றலாம்; ஐயம் நீங்கவே சிறிது சதை எடுத்துச் சோதிக்கிறோம். இன்று உரிய மருந்துகளால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். முகநரம்பின் பலம் மட்டும் சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

எங்களைக் கவலைக்குள்ளாக்குவது இடையில் கைவிடப்படும் சிகிச்சையே. எலும்பில் பரவிய தொற்று ஆறுவதற்கு வழக்கமாக ஆறு வாரங்களோ அதற்கு மேலோ மருந்து தேவை. வலியோ அதற்கு வெகு முன்பே தணிந்துவிடும். அப்போது மருந்தை நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். முன்பு பயன்பட்ட மருந்துக்கு அவை கட்டுப்படாமலும் போகலாம். ஆறு வாரச் செலவும் அலைச்சலும் எளிய குடும்பத்துக்குப் பெருஞ்சுமை என்பதை அறிவோம். இதில் எங்கள் குறையும் உண்டு. மருந்துச் சீட்டை எழுதித் தரும் நாங்கள், 'வலி போனாலும் நோய் இருக்கும்' என்பதை முதல் நாளே விளக்கிச் சொல்லத் தவறுகிறோம். செலவு தாங்கவில்லையெனில் மருந்தை நிறுத்தும் முன் எங்களிடம் கூறுங்கள். மாற்று வழி உண்டா என்று சேர்ந்து பார்ப்போம்.

உடனிருந்து பராமரிப்போரை நாங்கள் வேண்டுவது இவையே: நீரிழிவு உள்ளவரின் காதில் எண்ணெயோ நீரோ ஊற்றாதீர்கள், குச்சியோ பஞ்சோ இட்டுக் குடையாதீர்கள். இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் காதுவலி இருந்தால் தாமதியாமல் அழைத்து வாருங்கள். வாய் கோணினால் அன்றே வாருங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் இச்சிகிச்சையில் ஒரு பாதி. மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை, இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்து நாம் சேர்ந்து முடிவு செய்வோம்.